கையெழுத்துக்கு முன்னும் பின்னும்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

ஃபார்முலா 1 கார் பந்தயம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இப்போதெல்லாம் பந்தயத்தைவிட, யார் எந்த டீமுக்குப் போகிறார் என்ற பேச்சுதான் அதிகம். ரெட் புல் டிரைவர் வெர்ஸ்டாப்பன் மெர்சிடிஸ் டீமுக்குப் போகிறார் என்று 2024, 2025 இரண்டு வருடமும் படித்துப் படித்து அலுத்துவிட்டது. கடைசியில் மனிதர் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார். அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை எதையும் நம்புவதில்லை என்று முடிவுசெய்துவிட்டேன். நீங்களும் இந்த வதந்திகளுக்கு இடம் கொடுக்காமல் இருக்கலாமே? அப்புறம், ஓர் எஞ்சினியர் வேலை மாறுவதெல்லாம் ஒரு செய்தியா? அதுவும் மாதக்கணக்கில் வேலை செய்யாமல் வீட்டில் இருக்கிறார்களாமே, எதற்கு?

முரளி

*

அன்புள்ள முரளி,

அலுப்பு நியாயம்தான். ஆனால் அறிவிப்பு வந்துவிட்டால் நம்பலாம் என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

2022 கோடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 28 வியாழக்கிழமை செபாஸ்டியன் வெட்டல் ஓய்வை அறிவித்தார். ஆஸ்டன் மார்ட்டினில் ஓர் இடம் காலி. ஆகஸ்ட் 1 திங்கட்கிழமை, அந்த இடத்துக்கு அலோன்சோ வருகிறார் என்று அறிவிப்பு வந்தது. அப்போது அவர் ஆல்பைன் டிரைவர். அவர் போவது உறுதி என்று ஆல்பைன் டீமின் தலைவருக்கே அந்தப் பத்திரிகைக் குறிப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது. இதை அவரே பிறகு நிருபர்களிடம் சொன்னார். மறுநாள் ஆல்பைன் அவசர அவசரமாகத் தன் ரிசர்வ் டிரைவர் ஆஸ்கர் பியாஸ்ட்ரியை 2023ஆம் ஆண்டுக்கு அறிவித்தது. அன்றைக்கே பியாஸ்ட்ரி ட்விட்டரில் மறுப்பு எழுதினார். என்னைக் கேட்காமல் அறிவித்திருக்கிறார்கள், 2023க்கு ஆல்பைனோடு நான் கையெழுத்துப் போடவில்லை, அடுத்த வருடம் ஆல்பைனுக்கு ஓட்டப்போவதில்லை என்பது அதன் சாரம்.

டீம் லோகோவோடு வந்த அறிவிப்பு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. பையனை மெக்லாரன் வளைத்துவிட்டது என்று ஓடிக்கொண்டிருந்த கிசுகிசுதான் கடைசிவரை நிலைத்தது. விவகாரம் ஒப்பந்தங்களை ஆராயும் வாரியத்துக்குப் போயிற்று. 1991இல் ஷூமாக்கர் ஒரே ஒரு பந்தயத்தை ஜோர்டானுக்கு ஓட்டிவிட்டு அடுத்த பந்தயத்திலேயே பெனட்டனுக்குத் தாவிய ரகளைக்குப் பிறகு உண்டான அமைப்பு இது. யாருடைய ஒப்பந்தம் செல்லும் என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. செல்லுபடியாகும் ஒரே ஒப்பந்தம் மெக்லாரனுடையது, ஜூலை 4ஆம் தேதி போட்டது என்று செப்டம்பர் 2 அன்று தீர்ப்பு வந்தது. அதாவது ஆல்பைன் அறிவித்தபோது அந்தக் கையெழுத்துக்கு ஏறக்குறைய ஒரு மாத வயது.

சரி, நிஜமாகவே கையெழுத்தான அறிவிப்புகள்? செர்ஜியோ பெரேஸ் 2026 வரை எங்களோடுதான் என்று ரெட் புல் 2024 ஜூனில் அறிவித்தது. டிசம்பரில் அவர் வெளியே. 2023 ஆகஸ்டில் மெர்சிடிஸோடு இரண்டு வருட நீட்டிப்பு என்று சொன்ன ஹாமில்டன், 2024 பிப்ரவரி 1 அன்று ஃபெராரிக்குப் போவதாக அறிவித்தார். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு வருடம் முடிந்ததும் விலகிக்கொள்ளலாம் என்ற வழி அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே இருந்தது. நமக்குக் காட்டுவது வருடக் கணக்கு. விலகும் விதி உள்ளே மடிந்து கிடக்கிறது. வதந்தி பிறப்பதே அந்த மடிப்பில்தான்.

வெர்ஸ்டாப்பன் கதையும் அதுதான். அவருக்கு 2028 வரை ஒப்பந்தம் உண்டு. ஆனால் 2025 கோடை விடுமுறைக்குள் புள்ளிப் பட்டியலில் குறிப்பிட்ட இடத்துக்குக் கீழே இறங்கினால் விலகலாம் என்று ஒரு விதி இருப்பதாக பல முக்கிய ஊடகங்களும் எழுதின. அவர் இறங்கவில்லை. 2026இலும் ரெட் புல்தான் என்று ஜூலை 31 அன்று ஹங்கேரியில் சொல்லிவிட்டார். நீங்கள் இதை வெறும் புரளி என்கிறீர்கள். நான் ஜார்ஜ் ரஸ்ஸலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஜூனில் கனடாவில் மெர்சிடிஸுக்கு வெற்றி வாங்கித் தந்தவர் அவர். அடுத்த வருடத்துக்கு அவர் கையில் ஒப்பந்தம் இல்லை. அக்டோபர் பாதியில்தான் அறிவித்தார்கள். ஜெயிக்கிற டிரைவரை ஒரு டீம் ஏன் இத்தனை மாதம் காக்க வைக்க வேண்டும்? பேச்சு ஏதோ நடந்திருக்கிறது. ஆள் மாறவில்லை என்பதற்காக அந்தச் செய்தி பொய்யாகிவிடாது. ஒருவர் போகிறார் என்ற பேச்சு கிளம்பினால், நான் முதலில் தேடுவது கையெழுத்தாகாமல் காத்திருக்கும் இன்னொருவரைத்தான்.

காத்திருந்தவர்களில் எனக்கு மறக்காதவர் கார்லோஸ் சைன்ஸ். ஹாமில்டன் வருகிறார் என்றதும், 2024 சீசன் தொடங்கும் முன்பே ஃபெராரியில் அவருக்கு இடம் இல்லை என்றாகிவிட்டது. அந்த மார்ச்சில் அப்பென்டிக்ஸ் அறுவை முடிந்து இரண்டே வாரத்தில் ஆஸ்திரேலியாவில் ஜெயித்தார். அப்படியும் பெரிய டீம் எதுவும் கதவைத் திறக்கவில்லை. ஆடி (Audi), ஆல்பைன் என்று வாரத்துக்கு ஒரு பெயர் ஓடி, ஜூலை 29 அன்று வில்லியம்ஸில் முடிந்தது.

எஞ்சினியர் விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் டிரைவர் மாற்றத்தைவிடப் பெரிய செய்தி இதுதான். டிரைவர் தன் திறமையைக் கொண்டுபோகிறார். டிசைனரோ அடுத்த வருடக் கார் எப்படி இருக்கும் என்பதையே தலைக்குள் கொண்டுபோகிறார். 2007இல் ஃபெராரியின் 780 பக்க ஆவணங்கள் மெக்லாரனின் தலைமை டிசைனரிடம் போய்ச் சேர்ந்தன. நகலெடுக்கும் கடையில் வேலை பார்த்தவருக்குச் சந்தேகம் வந்து ஃபெராரிக்குத் தகவல் சொல்ல, குட்டு உடைந்தது. மெக்லாரனுக்கு 10 கோடி டாலர் அபராதம், அந்த வருடம் டீமுக்கான சாம்பியன்ஷிப் புள்ளிகள் அத்தனையும் பறிபோயின. காகிதத்தில் போனால் இந்தத் தண்டனை. மூளையில் போவதை யார் பிடிப்பது? அதனால்தான் சம்பளம் கொடுத்து வீட்டில் உட்கார வைக்கிறார்கள். கார்டனிங் லீவ் என்பது இதுதான். இந்தத் துறையில் ரகசியங்கள் சீக்கிரமே பழசாகிவிடும்.

பேர்பெற்ற கார் டிசைனர் ஏட்ரியன் நியூவி ரெட் புல்லை விட்டு விலகுவதாக 2024 மே 1 அன்று அறிவிப்பு. ஃபெராரிக்குத்தான் போவார் என்று பலரும் எழுதினார்கள். செப்டம்பரில் ஆஸ்டன் மார்ட்டின் என்றானது. அங்கே வேலையில் சேர்ந்தது 2025 மார்ச்சில். அதற்குள் அந்த வருடக் கார் தயாராகி ஓடத் தொடங்கிவிட்டது. ஆகவே ஒரு டிசைனர் போவதைப் பற்றி இன்று படித்தால், அதன் பலன் தடத்தில் தெரிய ஒன்றரை வருடமாவது ஆகும்.

ஆகவே முரளி, நான் எழுதுவதை நிறுத்தப்போவதில்லை. ஒப்பந்தம் முடிகிற வருடமா, விலகும் விதி ஏதும் இருக்கிறதா, இந்தப் பேச்சு கிளம்பினால் யாருடைய சம்பளம் கூடும் என்று பார்ப்பேன். ஏதாவது ஒன்று தட்டுப்பட்டால் எழுதுவேன். 'நெருங்கிய வட்டாரங்கள் தெரிவிக்கின்றன' என்பதைத் தவிர வேறொன்றும் இல்லாத செய்திகளை இப்போதே நான் தொடுவதில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் படித்துவிடுகிறேன், அது வேறு விஷயம்.