உப்பா, கிருமியா? ஆர்.ஓ. வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ராமேஸ்வரம் முதல் சாயல்குடி வரை கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஆர்.ஓ. என்பது நுண்ணிய சவ்வின் வழியே தண்ணீரை அழுத்தி, கரைந்த உப்பைப் பிரித்தெடுக்கும் கருவி.

கேள்வி (தங்கச்சிமடம்): எங்க வீட்டுக்குக் காவிரித் தண்ணிதான் வருது, ஐயா. மிஷின் விற்கிற ஒருத்தர் ரெண்டு டம்ளர்ல தண்ணி வச்சு, கம்பியை விட்டு கரண்ட் கொடுத்துக் காட்டினார். எங்க தண்ணி பழுப்பாகி, சேறு மாதிரி திரண்டுடுச்சு. அவர் கொண்டுவந்த தண்ணி தெளிவாவே இருந்துச்சு. பிள்ளைங்க இப்ப குழாய்த் தண்ணியைத் தொட மாட்டேங்குதுங்க. ஆர்.ஓ. வாங்கித்தான் ஆகணுமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்தச் சேறு உங்கள் தண்ணீரில் இருந்தது அல்ல, அவருடைய இரும்புக் கம்பியிலிருந்து வந்தது. தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாயும்போது இரும்பு அரித்துத் துருவாகக் கலங்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் அரிக்காது. அவர் மறுபடி வந்தால், அவருடைய தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவும் அதேபோல் பழுப்பாகும். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், பயம் தெளியும். தாயின் பயத்தைக் காசாக்கும் இந்த வித்தை நம் ஊர்களில் வீடு வீடாக நடப்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2009-ல் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வந்தது. அந்தத் தண்ணீரில் உப்பு பெரிய பிரச்சினை இல்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) கரைந்த உப்புகளுக்கு, அதாவது டி.டி.எஸ்.ஸுக்கு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை ஏற்கலாம். உங்கள் குழாயில் 500-க்குள் இருந்தால் ஆர்.ஓ.வுக்கு அங்கே வேலையே இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது தொட்டியை. தண்ணீர் தினமும் வராததால் சம்ப்பில் பிடித்து நாள்கணக்கில் வைக்கிறோம். குழாயில் வரும்போது இருக்கிற குளோரின் அதற்குள் அடங்கிப் போகிறது, பிறகு கிருமி வளரத் தடையில்லை. சம்ப்பை முறையாகக் கழுவுங்கள், மூடியில் இடுக்கு இல்லாமல் அடையுங்கள், குடிக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றுங்கள். கொதிக்க வைக்க நேரமில்லாதவர்களுக்கு புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் ஒரு சாதாரண யு.வி. கருவி போதும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் மட்டும் முதலில் வடிகட்ட வேண்டும், கலங்கலுக்குள் அந்த ஒளி ஊடுருவாது.

கேள்வி (கீழக்கரை): போர் தண்ணியில் டி.டி.எஸ். 2800 காட்டுது. சோப்பு நுரைக்கலை, குழாயெல்லாம் வெள்ளை பூத்துத் துருப்பிடிக்குது. சாஃப்ட்னர் போட்டால் குடிக்கலாமா?

பதில்: முடியாது. சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் சோடியத்தை விடும். சோப்பு நுரைக்கும், வெள்ளைப் படிவு குறையும். உப்பு அப்படியே இருக்கும், டி.டி.எஸ். குறையாது, துருவும் நிற்காது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் கூடுதல் சோடியம் கெடுதலும்கூட.

வீடு முழுவதற்கும் சுத்திகரிப்பு என்ற யோசனையை விட்டுவிடுங்கள். குளிக்க, துவைக்க, கழிப்பறைக்குப் போர் தண்ணீரே போகட்டும். நாலைந்து பேர் உள்ள வீட்டில் வாய்க்குள் போகிற தண்ணீர், சமையலையும் சேர்த்து, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு குடம்தான். அதைக் காவிரிக் குழாயிலிருந்து பிடிக்க முடிந்தால் அதுவே நல்லது. முடியாதென்றால் சமையலறைக்கு மட்டும் ஆர்.ஓ. வைக்கலாம். ஆனால் வீட்டு மிஷின்கள் பலவும் 2000 வரைக்கும்தான் செய்யப்பட்டவை. எத்தனை டி.டி.எஸ். வரை தாங்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பரேன் சீக்கிரமே போய்விடும்.

கேள்வி (தேவிபட்டினம்): அப்பா காலத்தில் வீட்டுக் கிணறு நல்ல தண்ணி. மோட்டார் வச்ச பிறகு உப்புக் கரிக்குது. இன்னும் ஆழமாத் தோண்டினா நல்ல தண்ணி வருமா?

பதில்: தயவுசெய்து தோண்டாதீர்கள். கடற்கரை மணலில் மழைத்தண்ணீர், தண்ணீர்மேல் எண்ணெய் மிதப்பதுபோல, கனமான கடல்நீரின்மேல் ஒரு படலமாக நிற்கிறது. தங்கச்சிமடம் பக்கத்து வில்லூண்டித் தீர்த்தத்தில் சுற்றிலும் கடல் இருக்க, கிணற்றுக்குள் மட்டும் நல்ல தண்ணீர் ஊறுவதைப் பார்த்திருப்பீர்கள். நிலத்தடி நல்ல தண்ணீர் கடலுக்கு அவ்வளவு பக்கத்திலும் நிற்கும். இதற்கு ஒரு கணக்கு உண்டு: கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி இறக்கினால், கீழிருந்து உப்பு பல அடி ஏறிவரும். ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் குடத்தை நிரப்பிய பெண்கள் இந்தப் படலத்தைக் கலைக்காமல்தான் எடுத்தார்கள். மோட்டார் ஒரே இழுப்பில் கலைத்துவிடுகிறது.

ஆழம் போகப் போக உப்பு நெருங்கும். தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடி நுனியில் இருக்கும் ஃபுட்வால்வை மேலே தூக்கிக் கட்டுங்கள், சிறிய மோட்டாராகப் போட்டு, சிறிது நேரம் ஓட்டி, ஊற விட்டு, மறுபடி ஓட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கூரையிலிருந்து மணல் வடிகட்டி வழியாகக் கிணற்றுக்குள் விடுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் பெய்தாலே 5000 லிட்டர் வரை கிடைக்கும். உப்பு ஒரே மழையில் இறங்காது, பருவம் பருவமாகத்தான் குறையும். பக்கத்து வீட்டுக்காரரும் மோட்டாரைக் குறைத்தால்தான் பலன் தெரியும், ஆகவே தெருவாகச் சேர்ந்து பேசுங்கள்.

கேள்வி (தொண்டி): எங்க கிணறு இனிப்பா இருக்கு, மீட்டரில் 400தான். சோதனை தேவையா? ஆறு மாசத்துக்குள்ள கைக்குழந்தை இருக்கு.

பதில்: உங்கள் கேள்வியைத்தான் நான் அவசரமாக எடுத்துக்கொள்கிறேன். டி.டி.எஸ். மீட்டர் உப்பின் மொத்த அளவை மட்டும் சொல்லும். கிருமியைச் சொல்லாது, கழிவிலிருந்து நீரில் கலக்கும் நைட்ரேட்டைத் தனியாகக் காட்டாது. மணலில் கழிப்பறைக் குழி பக்கத்தில் இருந்தால் கிணற்றுக்கு இரண்டும் வரலாம், தண்ணீர் அப்போதும் இனிக்கும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இதற்குத் தர நிர்ணயத்தில் தளர்வே கிடையாது. தாண்டினால் பால்மாவு கரைத்துக் குடிக்கும் சிசுவின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, நீர் வற்றி இன்னும் செறிவுதான் கூடும்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் சுத்தமான குப்பியில் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து, அன்றைக்கே கொடுங்கள். பழைய பாட்டிலில் கொண்டுபோனால் பாட்டிலின் கிருமிதான் அறிக்கையில் வரும். நைட்ரேட், ஃபுளோரைடு, குளோரைடு, மலக் கலப்பைக் காட்டும் கிருமியான கோலிஃபார்ம் நான்கையும் கேளுங்கள். அறிக்கை வரும்வரை குழந்தைக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

கேள்வி (ஏர்வாடி): உப்புத் தண்ணியைக் கொதிக்க வச்சா உப்பு குறையுமா?

பதில்: குறையாது. கிருமி சாகும், அவ்வளவுதான்.

கேள்வி (மண்டபம்): ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளுற தண்ணியை முருங்கைக்கும் செடிகளுக்கும் ஊத்தலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். உள்ளே போனதைவிட அதில் உப்பு அதிகம், வருஷக்கணக்கில் ஊற்றினால் மண் கெடும். கிணற்றடியிலும் விடக் கூடாது, உப்பு திரும்பக் கிணற்றுக்கே இறங்கும். ஒரு வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கும் வாசல் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.