சரிவுத் தெருவில் வண்டியில்லா ஞாயிறு: கீழ் முனையைக் கவனியுங்கள்

கேள்வி: குன்னூரில் எங்கள் தெரு 200 மீட்டர், 40 வீடுகள். ஒரு ஞாயிறு காலை வண்டிகளை நிறுத்திவிட்டு எல்லோரும் தெருவில் கூட ஆசை. ஆனால் தெரு சரிவு. யாரிடம் அனுமதி கேட்பது, எப்படி அடைப்பது?

பதில்: முழுத் தெருவையும் அடைக்க வேண்டாம். அதிகம் சாயாத 60, 70 மீட்டர் போதும். கண்ணை நம்பாதீர்கள், டென்னிஸ் பந்து ஒன்றைத் தரையில் வைத்துப் பாருங்கள். கையை எடுத்ததும் உருண்டால் அந்த இடம் கோலத்துக்கும் நாற்காலிக்கும் சரி, பந்து விளையாட்டுக்கு ஆகாது. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1974 முதல் நடக்கும் வண்டியில்லா ஞாயிறும், சென்னை பெசன்ட் நகர் கடற்கரையோரம் நடந்ததும் பெரும்பாலும் சமதள ரோட்டில். அந்த ஏற்பாடு மலைக்கு அப்படியே பொருந்தாது.

வண்டி இறங்கி வரும் மேல் முனையைத்தான் எல்லோரும் காவல் காப்பார்கள். பிள்ளைகளுக்கு ஆபத்து கீழ் முனையில். பந்து பேரிகார்டுக்கு அடியில் நழுவும், பின்னாலேயே பிள்ளை குனிந்து ஓடும், அந்தப் பக்கம் வண்டி ஓடும் ரோடு! கீழ் பேரிகார்டுக்கு 10 மீட்டர் உள்ளே, தெருவின் குறுக்கே பலகைகளைத் தரையோடு ஒட்டி, விளிம்பில் நிறுத்தி வையுங்கள், பந்து அங்கேயே நிற்கும். ஆம்புலன்ஸ் வந்தால் இருவர் சட்டென்று தூக்கிவிடலாம். மற்றபடி தெரு நெடுக எந்நேரமும் 3.5 மீட்டர் அகலம் காலியாக இருக்கட்டும்.

மேல் முனையில் வெறும் கயிறு கட்டவே கூடாது. மூடுபனியில் பைக்கில் இறங்குபவர் கண்ணுக்கு அது தெரியாது, கழுத்தில் மாட்டும். பேரிகார்டு வைத்து, அதன் காலில் மணல் மூட்டை போடுங்கள். வளைவு இருந்தால் அறிவிப்பும் ஓர் ஆளும் வளைவுக்கு மேலேயே நிற்க வேண்டும்.

நகராட்சி ரோடு என்றால் ஆணையருக்கு மனு. நகல் காவல் நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும். நாலு வாரம் முன்பே கொடுங்கள். தேதி, நேரம், கையால் வரைந்த படம், மாற்று வழி, வீட்டுக்காரர்கள் கையெழுத்து, பொறுப்பாளர் இருவரின் போன் எண் இருக்கட்டும். மைக்குக்குத் தனியாகப் போலீஸ் அனுமதி. பஸ் போகும் ரோடு, அல்லது மேலே உள்ள வீடுகளுக்கு அது ஒன்றே வழி என்றால் வேறு தெரு பாருங்கள்.

ஏப்ரல், மே சீசனில் கேட்காதீர்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. பிப்ரவரி, மார்ச்சில் 9 மணியிலிருந்து 12 வரை நல்ல வெயில். சர்ச் நேரத்தை மட்டும் முதலில் விசாரியுங்கள்.

பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது நடுவில் நிற்கும் ஒரே ஒரு கார். பத்து நாள் முன்பும், முந்தின நாள் மாலையும் வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் யார் என்றும் கேட்டு, அவர்கள் வண்டியை வெளியே நிறுத்த உதவுங்கள். 50 படி மேலே இருக்கும் பாட்டி தானாக இறங்கி வரமாட்டார். யாராவது போய்க் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். படிக்கட்டு முடியும் இடத்தில், வெயில் படும் பக்கம் நாற்காலி போடுங்கள். 100 டம்ளர் டீக்குப் பால் 6 லிட்டர், தண்ணீர் 5 லிட்டர், தூள் கால் கிலோ, சர்க்கரை ஒரு கிலோ. டம்ளரை அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள்.