91 பர்சன்டைல் என்றால் எந்தக் காலேஜ்? தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

ஜேஇஇ மெயின் (என்ஐடி போன்ற மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) ரிசல்ட்டும் ப்ளஸ் டூ மதிப்பெண்ணும் கையில் வந்த பிறகு இரண்டு மாவட்டங்களிலிருந்தும் பெற்றோரும் மாணவர்களும் கேட்டவை இவை. ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்த இடத்தில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

பாலக்கோடு, ஒரு தந்தை: பையன் ஜேஇஇ-ல 91 எடுத்திருக்கானுங்க. நூத்துக்கு 91ன்னா நல்ல மார்க்குதானே? அண்ணா யுனிவர்சிட்டி கிடைக்குமா?

ஐயா, அது மார்க் இல்லை, பர்சன்டைல். தேர்வு எழுதியவர்களில் 91 சதவீதம் பேர் உங்கள் பையனுக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறார்கள், 9 சதவீதம் பேர் மேலே இருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த 9 சதவீதம் எத்தனை பேர் என்பதுதான் விஷயம். 2025-ல் இரண்டு கட்டமும் சேர்த்துத் தேர்வு எழுதியவர்கள் சுமார் 14.75 லட்சம் பேர். 100-லிருந்து பர்சன்டைலைக் கழித்து, எழுதியவர்கள் எண்ணிக்கையால் பெருக்கி, நூறால் வகுத்தால் ரேங்க் தோராயமாக வந்துவிடும். 91-க்கு ஏறக்குறைய 1,32,000. 96.2 என்றால் 56,000. 98.5 என்றால் 22,000. கல்லூரிகளின் கடைசி ரேங்க் பட்டியலோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான். பொதுப் பிரிவில் 1,32,000-க்கு என்ஐடியில் நல்ல பாடப்பிரிவு எதிர்பார்க்க முடியாது.

அண்ணா பல்கலைக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வே கிடையாது. ஜேஇஇ மதிப்பெண்ணை அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள். கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி; மொத்தம் 200-க்குக் கட் ஆஃப். கணிதம் 94, இயற்பியல் 88, வேதியியல் 91 என்றால் 94 + 44 + 45.5 = 183.5. இரண்டு மாணவர்கள் ஒரே கட் ஆஃப் வைத்திருந்தால் முதலில் கணிதம், அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். எதிலும் பிரியவில்லை என்றால்தான் ரேண்டம் எண்.

ஆகவே உங்கள் பையன் இரண்டு தனித்தனி வரிசையில் நிற்கிறான். ஒன்றில் பின்னால் நிற்பதால் மற்றதிலும் பின்னால் என்று நினைத்து மனம் தளரவேண்டாம்.

ஓசூர், ஒரு தாய்: மகள் 98.5 பர்சன்டைல். நாங்க ஓசூர்தான், ஆனா அவ ப்ளஸ் டூ படிச்சது அத்திப்பள்ளியில, கர்நாடகா பியூ போர்டு. திருச்சி என்ஐடியில தமிழ்நாடு கோட்டா கிடைக்கும்தானே?

கிடைக்காதுங்க அம்மா. ஓசூர்க் குடும்பங்கள் தவறாமல் இடறும் இடம் இது. என்ஐடிகளில் பாதி இடம் சொந்த மாநிலத்தவருக்கு. ஆனால் "சொந்த மாநிலம்" என்பது நீங்கள் குடியிருக்கும் ஊரோ ரேஷன் கார்டோ அல்ல; எந்த மாநிலத்தில் ப்ளஸ் டூ தேறினாள் என்பதுதான். அவளுக்குச் சொந்த மாநில என்ஐடி மங்களூரு பக்கத்துச் சூரத்கல். திருச்சியில் அவள் வெளிமாநிலப் பட்டியலில் வருவாள். 22,000 வாக்கில் வரும் பொது ரேங்குக்கு இரண்டு கல்லூரியிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எட்டாது. ஆனால் சூரத்கல்லின் சொந்த மாநில இடங்களில் மற்ற பாடப்பிரிவுகளின் போன வருடக் கடைசி ரேங்க்கை ஒவ்வொன்றாகப் பாருங்கள். காஞ்சிபுரம், திருச்சி ஐஐஐடிகளில் (தகவல் தொழில்நுட்பத்துக்கான தேசியக் கல்வி நிறுவனங்கள்) மாநில ஒதுக்கீடே கிடையாது, அங்கே எல்லோருக்கும் ஒரே வரிசை. அவற்றையும் சேர்த்து நிரப்புங்கள்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விதி நேர்மாறு. அங்கே இருப்பிடம்தான் பேசும். வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளை என்பதற்கு இருப்பிடச் சான்று எடுத்துப் பதிவேற்றினால் விண்ணப்பிக்கலாம். பியூ மதிப்பெண்ணைத் தமிழ்நாட்டு மதிப்பெண்ணோடு சமன் செய்துதான் கட் ஆஃப் போடுவார்கள்: ஒரு பாடத்தில் அந்த போர்டின் முதல் மதிப்பெண் 97, தமிழ்நாட்டு முதல் மதிப்பெண் 100 என்றால், அவளுடைய 90 என்பது 92.78 ஆகும். பெங்களூரு தனியார் கல்லூரிகளுக்குக் காமெட்கே தேர்வு எல்லா மாநிலத்தவருக்கும் திறந்தது. கர்நாடக அரசின் நுழைவுத் தேர்வான சிஇடி அப்படியல்ல; பொது விதிப்படி அந்த மாநிலத்தில் குறைந்தது ஏழு கல்வியாண்டு படித்திருக்க வேண்டும்.

பென்னாகரம், மாணவி: எங்கிட்ட எம்பிசி சர்டிபிகேட் இருக்கு. ஜேஇஇ-ல ஓபிசின்னு போட்டேன். அதே சர்டிபிகேட் போதுமா சார்?

போதாது பாப்பா. பிசி, எம்பிசி என்பவை மாநிலப் பிரிவுகள். என்ஐடி, ஐஐடி கேட்பது மத்திய அரசுப் படிவத்தில் உள்ள ஓபிசி, கிரீமி லேயர் அல்லாதவர் (அதாவது குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டாதவர்) சான்று. அதுவும் நீ சேரும் வருடம் ஏப்ரல் 1-ஆம் தேதி அல்லது அதற்குப் பிறகு வழங்கியதாக இருக்க வேண்டும். போன வருடம் அண்ணனுக்கு எடுத்த நாளில் உனக்கும் சேர்த்து எடுத்து வைத்திருந்தால் அது செல்லாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வரும். அதற்கு முன் உன் சாதிப் பெயர் மத்திய ஓபிசி பட்டியலில் எப்படி எழுதியிருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே சான்றில் இருக்கிறதா என்று பார்.

வருமானத்தைப் பற்றியும் ஒரு தவறான பயம் இருக்கிறது. எட்டு லட்சம் என்ற வரம்பில் விவசாய வருமானமும் சம்பளமும் சேராது. கடை, வாடகை, தொழில் போன்ற மற்ற வருமானத்தைத்தான் கணக்கிடுவார்கள். அதனால் தக்காளியில் ஒரு வருடம் நல்ல விலை கிடைத்துவிட்டது என்பதற்காக ஓபிசியை விட்டுவிடாதீர்கள். பெற்றோர் அரசு உயர் பதவியில் இருந்தாலோ நிலம் மிக அதிகமாக இருந்தாலோ வேறு விதிகள் உண்டு. சான்று நேரத்துக்கு வராவிட்டால் உன்னைப் பொதுப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்; கையில் வந்த இடமும் போகலாம்.

சித்தேரி மலை, மாணவன்: நான் எஸ்டி மலையாளி. 78 பர்சன்டைல்தான். கூட படிச்சவங்க எல்லாம் இது வேஸ்ட்டுன்னு சொல்றாங்க.

தம்பி, அவர்கள் பேச்சைக் கேட்டு இதை விட்டுவிடாதே. பொது ரேங்க் மூன்று லட்சத்துக்கு மேல் காட்டும், அதைப் பார்த்துக் கணினியை மூடிவிடாதே. நீ பார்க்க வேண்டியது எஸ்டி ரேங்க் மட்டும்; அது தனி வரிசை. 2025-ல் ஐஐடியில் சேர எழுத வேண்டிய ஜேஇஇ அட்வான்ஸ்டுக்கு எஸ்டி பிரிவுக்கான தகுதி எல்லை 47.9 பர்சன்டைல். நீ அதைவிட எவ்வளவு மேலே இருக்கிறாய் என்று பார். அட்வான்ஸ்டு கட்டாயம் எழுது. அதில் முழுத் தகுதிக்குச் சற்றுக் குறைந்தாலும், எஸ்டி இடம் நிரம்பாதபோது ஒரு வருட ஆயத்தப் படிப்பில் சேர்த்து அடுத்த வருடம் இடம் கொடுக்கும் முறை ஐஐடிகளில் இருக்கிறது.

இன்னொன்றைக் கவனி. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் எஸ்டிக்கு 1 சதவீதம். என்ஐடி, ஐஐஐடி, ஐஐடிகளில் 7.5 சதவீதம். அதாவது உனக்கு மாநில வரிசையைவிட மத்திய வரிசையில்தான் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. ஆனால் நம் மலையிலிருந்து அந்த வரிசைக்குப் போகும் பிள்ளைகள் மிகக் குறைவு. என்ஐடியில் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. விடுதி, உணவுச் செலவு மட்டும் தனியாக வரும், அதற்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பி.

செய்ய வேண்டியது இரண்டு. ப்ளஸ் டூவில் 65 சதவீதம் இருக்கிறதா பார். எஸ்டிக்கு அதுதான் தகுதி எல்லை. எஸ்டி சான்று வட்டாட்சியர் தருவதல்ல, கோட்டாட்சியர் தருவது. உனக்கு அரூர் அலுவலகம். விசாரணை, ஆவணம் என்று நாள் இழுக்கும். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் இப்போதே போய் நில்.

காரிமங்கலம், மாணவி: ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளி. கட் ஆஃப் 171. செட்டிக்கரை அரசு காலேஜா, கோயம்புத்தூர் தனியார் காலேஜா?

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் உனக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அதனால் பணத்தை மட்டும் வைத்துச் செட்டிக்கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. கோயம்புத்தூரின் நல்ல கல்லூரியும் உனக்கு அதே செலவில்தான். தைரியமாக மேலே வை. பள்ளித் தலைமையாசிரியர் தரும் படிப்புச் சான்றில் ஒரு வகுப்பு விடுபட்டாலும் சிக்கல், சரிபார்த்து வாங்கு.

கட் ஆஃபை வைத்துக் கல்லூரி தேடாதே, ரேங்க்கை வைத்துத் தேடு. ஒரு வருடம் கணிதத் தாள் எளிதாக வந்தால் எல்லோருடைய கட் ஆஃபும் ஏறும். 171-க்குப் போன வருடம் கிடைத்தது இந்த வருடம் கிடைக்காது. உன் இனவாரி ரேங்க்கையும் போன வருடக் கடைசி ரேங்க்கையும் ஒப்பிடு.

பட்டியல் நிரப்பும்போது ஆசைப்படும் வரிசையிலேயே எழுது. கிடைக்காத கல்லூரியை முதலில் எழுதினால் வாய்ப்பு வீணாகும் என்பது தவறு. கணினி மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து முதலில் கிடைப்பதைக் கொடுக்கும், மேலே எழுதியதற்கு அபராதம் கிடையாது. ஆனால் கீழே எழுதியது கிடைத்துவிட்டால் அது உன்னுடையதுதான். எனவே போக விருப்பமில்லாததை எழுதவே கூடாது. ஐந்தாறோடு நிறுத்துவதும் ஆபத்து, ஐம்பது அறுபது எழுது. பெயரைப் பார்த்து அல்ல, நான்கு இலக்கக் கல்லூரிக் குறியீட்டைப் பார்த்து எழுது. ஒரே மாதிரிப் பெயரில் கல்லூரிகள் பல. பாடப்பிரிவுக்குப் பக்கத்தில் எஸ்எஸ் என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. அரசு உதவி பெறும் கல்லூரியாக இருந்தாலும் கட்டணம் கூடும்.

கிருஷ்ணகிரி, ஒரு தந்தை: பக்கத்துலயே ஓசூர் கம்பெனிங்க. மெக்கானிக்கலா, இஇஇ-யா? எல்லாரும் கம்ப்யூட்டர்னு சொல்றாங்க.

ஓசூரில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் இருக்கின்றன என்பதற்காக மெக்கானிக்கல் எடுத்தால் அங்கே வேலை என்று கணக்குப் போட வேண்டாம். உற்பத்தித் தளத்தில் அவர்கள் அதிகம் எடுப்பது டிப்ளமோ, ஐடிஐ முடித்தவர்களை. பி.இ. மெக்கானிக்கலுக்கு இடம் டிசைன், தரக் கட்டுப்பாடு, ஆட்டோமேஷன் பக்கம்தான். கேட் (கணினியில் வரையும்) மென்பொருள், சிஎன்சி (கணினி இயக்கும் இயந்திரம்) நிரல், அளவு விலக்கம் (டாலரன்ஸ்) படிக்கும் திறமை இல்லாமல் வெறும் டிகிரியோடு வருபவர் டிப்ளமோக்காரரின் சம்பளத்துக்கே நிற்க வேண்டி வருகிறது.

இப்போது போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தர், டாடா எலெக்ட்ரானிக்ஸ் என்று மின்சார வண்டியும் மின்னணுவும் வந்திருக்கின்றன. பேட்டரி மேலாண்மை, மோட்டார் கன்ட்ரோலர், சார்ஜர் எல்லாமே பவர் எலெக்ட்ரானிக்ஸ். அது இஇஇ-யின் (எலெக்ட்ரிக்கல்) மையப் பாடம். மின்வாரிய உதவிப் பொறியாளர் பணிக்கும் அது நேரான வழி. கணிதமும் சர்க்யூட்டும் பிடித்த பையன் என்றால் இஇஇ-யோ இசிஇ-யோ (எலெக்ட்ரானிக்ஸ்) எடுக்கச் சொல்வேன். மென்பொருள் நிறுவனங்களும் பல பிரிவுகளிலிருந்து ஆள் எடுக்கின்றன. பொதுவாகக் கேட்பது பத்து, பன்னிரண்டு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இல்லாமை. நல்ல கல்லூரியின் இஇஇ-யை விட்டு, தேர்ச்சி விகிதம் சரிந்த கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஓடவேண்டாம்.

தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலை ஒவ்வொரு செமஸ்டருக்கும் கல்லூரிவாரியாக வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகளை மட்டும் அதோடு ஒப்பிடாதீர்கள், அவை தாங்களே கேள்வித்தாள் அமைத்துத் திருத்துபவை. நாக், என்பிஏ இரண்டும் தரச் சான்றுகள். நாக் தகுதி கல்லூரி முழுவதற்கும். என்பிஏ தகுதி ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனி. உங்கள் பிரிவுக்கு என்பிஏ இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஊத்தங்கரை, மாணவன்: சிஎஸ்இ-யா, ஏஐ டேட்டா சயின்ஸா?

ஒரே கல்லூரியில் இரண்டும் கிடைத்தால் சிஎஸ்இ. ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், கம்பைலர் அடித்தளம் அதில் முழுதாக வரும். ஏஐ-யைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். புதுப் பெயர் கொண்ட பிரிவுகளுக்குச் சில அரசுப் பணிகளில் இணைத்தன்மை அரசாணை (இந்தப் படிப்பு சிஎஸ்இ போன்றதற்குச் சமம் என்ற அரசாணை) கேட்பார்கள்.

தருமபுரி, மாணவி: அக்செப்ட் அண்ட் அப்வேர்டு குடுத்தா இருக்கிற சீட்டு போயிடுமா?

போகாது பாப்பா. கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டே மேலே எழுதியதற்கும் காத்திருப்பதுதான் அது. இதைக் கொடுத்து, உதவி மையத்தில் கெடுவுக்குள் பணம் கட்டினால் இந்த இடம் உன்னிடமே இருக்கும். மேலே எழுதியது காலியானால் அது வரும். வந்துவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியாது. கெடுவைத் தவறவிட்டால்தான் இரண்டும் போகும். என்ஐடி கலந்தாய்வில் இதற்கு இணையானது ஃப்ளோட். ஸ்லைடு என்றால் அதே கல்லூரிக்குள் மேல்நிலைப் பிரிவுக்கு மட்டும்.

ஓசூர், ஒரு தாய்: ஒருத்தர் வந்து இப்பவே அட்வான்ஸும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் குடுத்தா சீட்டு பிளாக் பண்றேன்றாரு. குடுக்கலாமாங்க?

கொடுக்காதீங்க அம்மா. ஒரிஜினல் அவர் கையில் இருந்தால், கலந்தாய்வில் நல்ல இடம் வந்தாலும் உங்கள் பிள்ளை போய்ச் சேர முடியாது. அசல் சான்றுகளைக் கல்லூரியே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு) விதி, இடைத்தரகருக்கு அதைக் கேட்க எந்த உரிமையும் இல்லை. கல்லூரியில் நேரடியாகக் கட்டியிருந்தால், குறித்த தேதிக்குள் எழுத்து மூலம் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். கல்லூரி பெயரில் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே போய்ச் சான்றுகளைத் திரும்ப வாங்குங்கள், பணத்தை அப்புறம் கேட்கலாம்.