மூலையில் உட்கார்ந்து பார்ப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 39. கோவை. ஐ.டி. வேலையை விட்டுவிட்டுப் பெங்களூரில் பிலாட்டீஸ் என்கிற உடற்பயிற்சி முறைக்கான ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். தரையில் பாய் விரித்துச் செய்யும் மேட், ஸ்பிரிங் பூட்டிய கருவிகளான ரிஃபார்மர், கெடிலாக், சேர் எல்லாம் சேர்ந்த 450 மணி நேரக் கோர்ஸ். அதில் ஒரு பெரிய பங்கு, மற்றவர்கள் எடுக்கும் வகுப்பை மூலையில் உட்கார்ந்து பார்ப்பது. உண்மையைச் சொன்னால் தூக்கம்தான் வருகிறது. தோழி ஒருத்தி இரண்டே நாள் மேட் கோர்ஸ் முடித்துவிட்டு வகுப்பே எடுக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் தொந்தரவு இருந்த முதுகு. காலையும் உடம்பையும் ஒன்றாகத் தூக்கி 'V' மாதிரி உட்காரும் டீசர் பயிற்சி இன்னும் வரவில்லை. கூடப் படிக்கிறவர்கள் நடனம் தெரிந்த சின்னப் பிள்ளைகள். சனி, ஞாயிறு ஊருக்கு வந்து அம்மாவுக்கும் சித்திக்கும் மேட் பயிற்சிகளை வரிசையாகச் சொல்லிக்கொடுத்து, பயிற்சி மணிக்கணக்கைப் பதியும் லாக்புக்கை நிரப்புகிறேன். கட்டின பணத்துக்கு முழுப் பலன் எடுக்க என்ன செய்யலாம்?

கே.

அன்புள்ள கே.,

முதலில் அவசரமான விஷயம். அம்மாவுக்கும் சித்திக்கும் அறுபதை ஒட்டிய வயது இருக்கும் என்று நினைக்கிறேன். எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்திருக்கிறார்களா? இல்லையென்றால், எடுக்கும்வரை ரோல் அப், ரோலிங் லைக் எ பால் மாதிரி முதுகைச் சுருட்டுகிற பயிற்சிகள் வேண்டாம். 1984-ல் மேயோ கிளினிக்கின் சினாகியும் மிக்கெல்சனும் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். மாதவிடாய் நின்ற, முதுகெலும்பின் அடர்த்தி குறைந்துபோன 59 பெண்கள். முன்பக்கம் வளையும் பயிற்சி மட்டும் செய்த 9 பேரில் 8 பேருக்கு முதுகெலும்பில் புதிதாக நசுங்கல் வந்தது. பின்பக்கம் நிமிரும் பயிற்சி செய்த 25 பேரில் 4 பேருக்குத்தான். ஆய்வு சின்னதுதான், ஆனாலும் அதைப் படித்துவிட்டு எந்த அறுபது வயதுக்காரரையும் பந்து மாதிரி உருட்ட எனக்கு மனம் வராது. குப்புறப் படுத்து நெஞ்சை மெதுவாகத் தூக்கட்டும், ஒருக்களித்துப் படுத்துக் கால் வேலை செய்யட்டும், நின்றபடி செய்யட்டும். இந்த முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1945-ல் எழுதிய புத்தகத்தில் 34 பயிற்சிகள் வரிசையாக இருக்கின்றன. அந்த வரிசையை ஒப்பிப்பதற்கு ஆசிரியர் தேவையில்லை.

இனி தூக்கத்துக்கு வருவோம். நீங்கள் பயிற்சியைப் பார்க்கிறீர்கள், அதனால் தூக்கம் வருகிறது. ஹண்ட்ரட் (மல்லாந்து படுத்து, தலையையும் காலையும் தூக்கி, நூறு எண்ணும்வரை கையை அடிப்பது) எப்படிச் செய்வது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்; அதை இருபதாவது தடவை பார்க்க என்ன இருக்கிறது? ஆளைப் பாருங்கள். ஒரே க்ளையன்டைத் தேர்ந்தெடுத்து, அவர் வருகிற நாட்களிலேயே முடிந்தவரை நீங்களும் போய் உட்காருங்கள். கை மேலும் கீழும் அடிக்கிறது. ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சு உள்ளே, ஐந்துக்கு வெளியே. மூன்று நான்கு சுற்று போனதும் முகவாய் மேலே எழும், கழுத்து நரம்பு புடைக்கும், நடு வயிறு கூம்பு மாதிரி துருத்தும், மூச்சு எண்ணிக்கையோடு ஒட்டாமல் நின்று நின்று வரும். இப்போது உங்கள் டீச்சரைப் பாருங்கள். இந்த நாலையும் அவர் கவனித்திருப்பார். சொல்வது ஒன்றாகத்தான் இருக்கும்: "முழங்காலை மடக்கிக்கோங்க." அல்லது தலையைக் கீழே வைக்கச் சொல்லுவார். மற்ற மூன்றை ஏன் விட்டார்? வகுப்பு முடிந்ததும் போய்க் கேளுங்கள். டீச்சர் சொன்னதை எழுதிக்கொள்ள எல்லோருக்கும் தெரியும். அவர் சொல்லாமல் விட்டதை நீங்கள் நோட்டில் எழுதுங்கள். மேனுவலில் கிடைக்காத பாடம் இதுதான்.

சொந்தப் பயிற்சி நேரத்தையும் அப்படியே செலவழிக்கலாம். ரிஃபார்மர் என்பது ஸ்பிரிங் பூட்டிய, முன்னும் பின்னும் நகரும் வண்டிப் பலகைதானே. அதில் ஸ்பிரிங் கூடினால் கஷ்டம், குறைந்தால் சுலபம் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வார்கள். மல்லாந்து படுத்துக் காலால் தள்ளும் ஃபுட்வொர்க்கில் அது சரி. லாங் ஸ்ட்ரெச் என்ற பயிற்சிக்கு அதில் ஏறிப் பாருங்கள். கை பாரின் மேல், பாதம் பின்னால் ஷோல்டர் ரெஸ்டில், உடம்பு பலகை மாதிரி. ஸ்பிரிங்கைக் குறைக்கக் குறைக்க வண்டியைத் திருப்பிக் கொண்டுவர உதவி குறையும். வயிறு மொத்தப் பொறுப்பையும் ஏற்க வேண்டிவரும். ஒரு மணி நேரத்தில் முப்பது பயிற்சி செய்து லாக்புக்கில் டிக் அடிப்பதைவிட, ஒரே பயிற்சியை ஸ்பிரிங் மாற்றி மாற்றிச் செய்து, எந்த இடத்தில் முதுகு முனகுகிறது என்று குறித்துக்கொள்ளலாம். முனகினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், வீரம் வேண்டாம். உங்கள் எல்4-எல்5 இதற்கு உதவும். சின்னப் பிள்ளைகளின் முதுகு எதையும் சொல்லாது, அவர்கள் பாவம்.

டீசரைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். நியூயார்க்கில் எட்டாவது அவென்யூவில் பிலாட்டீஸ் நடத்திய ஸ்டூடியோவில் பழகிப் பின்னாளில் பெரிய ஆசிரியர்களானவர்களைப் பாருங்கள். ரொமானா க்ரிசனோவ்ஸ்கா கணுக்கால் அடியோடு வந்தவர், கேத்தி கிராண்ட் முழங்கால் அடியோடு. பிலாட்டீஸே சின்ன வயதில் ஆஸ்துமாவோடு வளர்ந்த நோஞ்சான் பையன். தேர்வில் டீசரைச் செய்துகாட்டச் சொல்வார்களா, மாற்று வடிவத்தை ஏற்பார்களா என்பதை மட்டும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தோழியின் மேல் கோபப்படாதீர்கள். பிலாட்டீஸ் என்ற பெயர் யாருடைய தனிச்சொத்தும் இல்லை என்று 2000 அக்டோபரில் நியூயார்க்கில் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் இரண்டு நாளுக்கும் சான்றிதழ் உண்டு, 450 மணிக்கும் சான்றிதழ் உண்டு. ஆரோக்கியமானவர்களை வைத்து உங்கள் தோழி நன்றாகவே வகுப்பு எடுக்கலாம். டிஸ்க் தொந்தரவோடு ஒருவர் வந்து நின்றால் அனுப்பிவைக்கத் தெரிந்திருந்தால் போதும்.

அப்புறம், நீங்கள் சொல்லிக்கொடுக்கும் நேரம். அம்மா, சித்தி இருவருக்கும் ஏறக்குறைய ஒரே உடம்பு, அதோடு நீங்கள் சொன்னால் மறுபேச்சு இருக்காது. காலை நீட்டித் தரையில் உட்காரவே முடியாத ஒரு மாமாவைப் பிடியுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் ஸ்பைன் ஸ்ட்ரெச்சுக்கு உட்கார வைத்தால் இடுப்பு பின்னால் சரிந்து, முதுகு கூனி, முழங்கால் தானாக மடங்கும். இரண்டு தலையணையை அடியில் போட்டால் என்ன மாறுகிறது, முழங்காலை மடக்கவிட்டால் என்ன மாறுகிறது என்று பாருங்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், செய்துகாட்டாதீர்கள். வாயால் சொல்லியே அவரைச் செய்ய வைக்க வேண்டும். மாமா "என்னம்மா சொல்ற?" என்று கேட்கும் இடத்தில் நீங்கள் வேறு மாதிரி சொல்லியாக வேண்டும்.

பணத்துக்குப் பலன் கேட்டீர்கள். நீங்கள் வகுப்பெடுக்கும்போது மூத்த ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறாரா? யாரும் பார்க்காமலே லாக்புக்கில் கையெழுத்து மட்டும் வாங்கும் இடங்கள் உண்டு. நீங்கள் கட்டியதில் பெரும்பங்கு, மூத்தவர் ஒருவர் அப்படிப் பார்த்துக் கருத்துச் சொல்வதற்குத்தான் என்பேன். எத்தனை வகுப்பு, யார் பார்ப்பார்கள், எப்போது கருத்துச் சொல்வார்கள் என்று இந்த வாரமே மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வழவழவென்று வந்தால் திரும்பவும் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா