விதிகளை மதிக்காமல் பகை வளர்க்கும் நாடுகளை உலக நாடுகள் எப்படிக் கையாள வேண்டும்?

முதல் வேலை, அடிபட்டவர்களுக்கு அந்த நாட்டின் காசிலிருந்தே நஷ்டஈடு வாங்கிக் கொடுப்பது. இதைக் கேள்விப்படாதவர்கள் நிறைய இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்குப் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை. பெரியப்பா குவைத்தில் வெல்டராக இருந்தார். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் அதிபர் சதாம் உசேனின் படை உள்ளே புகுந்தது. ஈராக் வழியாக ஜோர்டானுக்குப் போய், அம்மானில் ஏர் இந்தியா விமானம் ஏறி பம்பாய் வந்து சேர்ந்தார். அப்படி மீட்கப்பட்ட இந்தியர்கள் சுமார் 1,70,000 பேர். கையில் ஒரு கட்டு குவைத் தினார் இருந்தது. மாற்றப் போனால் வங்கியில் வாங்கவில்லை. பெட்டியில் சேலைக்கு அடியிலேயே வெகுநாள் கிடந்தது.

1991ல் ஐ.நா. பாதுகாப்புச் சபை ஜெனீவாவில் ஓர் இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் 30 சதவீதம் வரை அதற்கு. உயிர் தப்பி ஓடிவந்த தனிநபருக்கு 2,500 டாலர். வேறெந்த இழப்பும் கேட்கமாட்டேன் என்றால் 4,000. ஃபாரம் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டு பெரியப்பா மறந்தே போனார். தொண்ணூறுகளின் கடைசியில் தவணையாகப் பணம் வந்தது. "சதாம் குடுத்த காசுடா" என்று சொல்லிக்கொண்டே போர்வெல் போட்டு மோட்டார் இறக்கினார். கடைசித் தவணை 2022 ஜனவரியில் முடிந்தபோது ஆணையம் கொடுத்த மொத்தம் 5,240 கோடி டாலர்.

இதிலும் ஓர் உறுத்தல் உண்டு. அதே சமயம் ஈராக்மீது முழு வணிகத் தடை. உணவுக்காக எண்ணெய் விற்கும் ஏற்பாடே 1996 கடைசியில்தான் நடைமுறைக்கு வந்தது. அங்கே ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிகளுக்குத் தலைமை தாங்கிய டெனிஸ் ஹாலிடே, மக்கள் படும் பாட்டைப் பார்த்து 1998ல் வேலையையே விட்டார். சதாமுக்கு அரண்மனையில் ஒன்றும் குறையவில்லை. அவர் ஆட்சி போன பிறகும் 19 வருஷம் அந்தக் கடனை அடைத்தவர்கள் சாதாரண ஈராக்கியர்கள். ஆகவே தடை ஆட்சியாளர்களின் கணக்கு, ஆயுதம், வெளிநாட்டுச் சொத்து இவற்றின்மீது விழட்டும். அரிசி, மருந்தில் கை வைக்கக்கூடாது.

திருந்தினால் என்ன கிடைக்கும் என்பதையும் எழுதிக் கொடுத்து, அதைக் காப்பாற்ற வேண்டும். லிபியாவை ஆண்ட கடாபி 2003ல் அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டார். 2011ல் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ ராணுவக் கூட்டணி அங்கே குண்டு வீசியது. இதைக் காட்டித்தான் வட கொரியா 'பார்த்தீர்களா' என்றது.

பெரிய சிக்கல் வீட்டோ, அதாவது பாதுகாப்புச் சபையில் எந்தத் தீர்மானத்தையும் தனியாகவே தடுத்து நிறுத்த அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா உள்ளிட்ட ஐந்து நாடுகளுக்கு இருக்கும் உரிமை. ஈராக்குக்கு அது இல்லை, அதனால் ஆணையம் வந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் 2003ல் பாதுகாப்புச் சபை அனுமதி இல்லாமல் ஈராக்கில் இறங்கியதற்கு எந்த ஆணையமும் இல்லை, எவனுக்கும் ஃபாரமும் இல்லை. இன்றைக்கு உக்ரைன்மீது படையெடுத்த ரஷ்யா விஷயமும் அதுதான். மேற்கு நாடுகளில் முடக்கப்பட்ட அதன் பணம் ஏறக்குறைய 30,000 கோடி டாலர்; அசலைத் தொடலாமா என்பதில் இழுபறி. பாதுகாப்புச் சபையில் நடக்காது என்று தெரிந்துதான் 2022 நவம்பரில் பொதுச் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார்கள்: உக்ரைனின் இழப்புகளைப் பதிவு செய்ய ஒரு பதிவேடு. அடுத்த வருஷம் ஐரோப்பாக் கவுன்சில் (Council of Europe; ஐரோப்பிய ஒன்றியம் அல்ல, வேறு அமைப்பு) அதைத் தொடங்கியது.

பணம் எப்போது வருமோ, கணக்கை இப்போதே எழுதி வைப்பது சரியான வேலை. அந்தத் தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. ரஷ்ய எண்ணெய், பழைய நட்பு, எல்லாம் புரிகிறது. ஆனாலும் குவைத்திலிருந்து வந்த தன் மக்களுக்கு இதே வழியில் பணம் வாங்கிக் கொடுத்த நாடு ஆதரித்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.