எஞ்சினுக்கு எரிபொருளா விடுற மெதனோலில (ஒருவகை அற்ககோல்) தண்ணி கலந்தால் உலோக அரிப்பு கூடுமா, குறையுமா?

ரெண்டும் நடக்கும் தம்பி, எவ்வளவு தண்ணி எண்டதிலதான் விசயமே இருக்கு. அலுமினியத்துக்கு மேல இயற்கையாவே மெல்லிசா ஒரு ஒட்சைட்டுப் படை இருக்கு, அதுதான் அதின்ர கவசம். துப்பரவா தண்ணியே இல்லாத மெதனோல் எண்டால் அந்தப் படையில கீறல் விழுந்தாலும் திரும்ப மூடாது, மெதனோல் நேரா உலோகத்தோட சேர்ந்து மெதொக்சைட்டு எண்ட சேர்வையா மாறி அரிக்கத் தொடங்கீடும், மக்னீசியத்துக்கு இன்னும் மோசம். துளித் தண்ணி இருந்தால் அந்தக் காயம் ஆறீடும்.

ஆனா அதை நம்பித் தண்ணி ஊத்திப்போடாதேங்கோ. மெதனோல் காத்தில இருக்கிற ஈரத்தைத் தானாவே உறிஞ்சும், எங்கட யாழ்ப்பாணத்து உப்புக்காத்தில குளோரைட்டும் சேர்ந்துதெண்டால் இன்னும் கரைச்சல். தண்ணி கூடக்கூட அது மின்சாரம் கடத்தும், காத்தையும் எரிபொருளையும் கலந்து எஞ்சினுக்குக் குடுக்கிற அலுமினியக் காபரேட்டரும், அதுக்குள்ள எரிபொருள் போற சின்ன ஓட்டையுள்ள பித்தளை ஜெட்டும் ஒட்டிக்கொண்டு கிடக்கேக்க ஒரு குட்டிப் பற்றரி மாதிரி வேலைசெய்து அலுமினியம்தான் கரையும். நான் கழட்டின ஒரு காபரேட்டர்க் கிண்ணத்தின்ர அடியில வெள்ளையா களி மாதிரிப் படிஞ்சு கிடந்தது, துடைச்சுப் பாத்தால் கீழ குத்துக்குத்தா குழி.

பெற்றோலோட கலந்த மெதனோல் எண்டால் தண்ணி சேர அது பிரிஞ்சு டாங்கின்ர அடியில தங்கும், இரும்பு டாங் அங்கயிருந்துதான் கறள் பிடிக்கும். கனநாள் ஓடாம நிப்பாட்டிறதெண்டால் மெதனோலை முழுசா வடிச்சு, கொஞ்சம் பெற்றோல் விட்டு ஓடவிட்டுப்போட்டு நிப்பாட்டுங்கோ.