தூத்துக்குடி – மண்டபம் கயாக் பயணம்: இரவுத் தங்கல் குறித்து

வணக்கம். பிப்ரவரியில் நண்பருடன் கயாக்கில் செல்லும்போது வழியிலுள்ள தீவுகளில் கூடாரமடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். அங்குள்ள 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்கு உட்பட்டவை. அனுமதியின்றிக் கால் வைப்பதே குற்றம். தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் படகின் அடியையும் கிழித்துவிடும்.

ஆகவே வேம்பார், மூக்கையூர், ஏர்வாடி, கீழக்கரை என்று கரையோர ஊர்களையே நம்புங்கள். வெயில் ஏறி கடற்காற்று வலுக்கும் முன், முற்பகலிலேயே கரையேறிவிட்டால், ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து எங்கே தங்கலாம் என்று கேட்க நேரம் கிடைக்கும். அவர்கள் காட்டும் இடமே எந்த வரைபடத்தையும்விட நம்பகமானது. கரைவலை இழுக்கும் இடத்திலும், வள்ளங்களை ஏற்றி இறக்கும் தடத்திலும் கூடாரம் போடாதீர்கள், ஏனெனில் விடியுமுன்பே அங்கே வேலை தொடங்கிவிடும். மணலில் காய்ந்த கடற்புல் கறுப்பு வரியாக ஒதுங்கியிருக்கும். அதுதான் அலை ஏறிய எல்லை. அதற்கு நன்றாக மேலே, மணல் இறுகிய இடமாகப் பாருங்கள்.

இலங்கைக் கடல் எல்லை அருகில் என்பதால் அறிமுகமற்ற படகு உடனே கவனிக்கப்படும். புறப்படுமுன் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் பயணத் திட்டத்தையும் அடையாள அட்டை நகலையும் கொடுத்துவிடுங்கள். அவர்களின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய இரண்டு எண்களும் இருவர் கைப்பேசியிலும் இருக்கட்டும்.